கடைசியாகத் தொட்டவர்

வறட்சிப் பகுதிக் குடிநீர்க் கணினி வாரியம் என்று ஒன்று இருப்பது சங்கரன்கோவில்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் அதைக் கல்யாண மண்டபத்து மாடி என்று அறிவார்கள். முகூர்த்த நாட்களில் கீழே மேளம் கொட்டுவதால் மாடியில் யாராலும் யோசிக்க முடியாது. மற்ற நாட்களில் யோசிக்கும் வழக்கம் இல்லை.

வாரியத்தின் வேலை ஒன்றுதான். குருவிகுளம் பக்கத்து மானாவாரி ஊர்களில் எந்தத் தொட்டிக்கு என்றைக்குத் தண்ணீர் லாரி போக வேண்டும் என்று சொல்லும் கணினி நிரலை அது காத்து வந்தது. ஒன்பது வருஷத்தில் பதினோரு பேர் அடித்த நிரல். மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதில் எதை எதற்காக எழுதினோம் என்பது எழுதினவர்களுக்கே மறந்துபோயிருந்தது.

மாரிசெல்வி அங்கே ஒப்பந்த நிரலாளர். சிவகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். மாதக் கடைசியோடு அவளுக்கு இரண்டு வருஷம் முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் ஆணை தட்டச்சாகி, இயக்குநரின் மேஜையில் இடது பக்க இழுப்பறையில் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது விழாவிட்டால் மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுச் சென்னைக்கு வேலை தேடிப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு கையெழுத்துதான். அதைத் தவிர எல்லாமே அவளுக்குக் கிடைத்தது.

அவள் செய்த முதல் தப்பு, ஒரு யோசனை சொன்னது.

நிரலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்று கணினி தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குறிப்பு இருப்பது ஓரிடம். நிரல் அடிக்கிற எடிட்டர் வேறோரிடம். இரண்டையும் இணைத்துவிட்டால், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைக் கடைசியாக மாற்றியவரின் பெயரும் தேதியும் வந்து நிற்கும். புரியாத வரி என்றால் எழுந்துபோய் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். இவ்வளவுதான் அவள் சொன்னது.

இயக்குநர் ராம்சங்கர் கூட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். அன்று கண்ணைத் திறந்தார்.

“அப்ப, எந்த வரிக்கு யாரு பொறுப்புன்னு தெரிஞ்சிரும்?”

“யாருகிட்ட சந்தேகம் கேக்கணும்னு தெரியும் சார்.”

“அதைத்தாம்மா நானும் சொல்லுதேன்.”

இரண்டு வாரத்தில் மாரிசெல்வி அதைச் செய்து முடித்தாள். திறப்பு விழாவுக்கு நல்ல நாள் பார்த்தார்கள். நல்ல நாள் என்றால் கீழே கல்யாணமும் இருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மாடிக்காரர்களுக்கும் பந்தியில் இலை போடுவது அந்த மண்டபத்தில் வழக்கம்.

விழாவுக்கு முந்தின நாள் இயக்குநர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, ஒரு வரி உள்ள தள்ளி நிக்கு, ஒரு வரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கு. நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து வாரியத் தலைவர் வாராரு. எல்லாத்தையும் ஒழுங்கா நிக்க வையி.”

எடிட்டரில் அதற்கு ஒரே ஒரு கட்டளை. மாரிசெல்வி அடித்தாள். அத்தனை வரிகளும் காலை வழிபாட்டுக்கு நிற்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் வந்து நின்றன. ஓர் எழுத்துகூட மாறவில்லை. வரிக்கு முன்னால் இருந்த வெற்றிடம்தான் கூடியது, குறைந்தது. ஆனால் கணினிக்கு வெற்றிடமும் ஒரு மாற்றம்தான். அது அவளுக்குத் தெரியாததல்ல. அன்றைக்குக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்துவிட்டது.

மறுநாள் கீழே கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் மேலே தலைவர் பொத்தானை அழுத்தினார். பெரிய திரையில் நிரல் விரிந்தது. ஓரத்தில் பெயர்கள் வந்தன. மாரிசெல்வி. மாரிசெல்வி. மாரிசெல்வி. தலைவர் திரையை மேலே தள்ளினார். மாரிசெல்வி. இன்னும் தள்ளினார். கை வலிக்கும்வரை தள்ளிப் பார்த்தார்.

“எல்லாத்தையும் இந்தப் பொண்ணுதான் எழுதிச்சா?” என்று ஆச்சரியப்பட்டார்.

முதலில் கை தட்டியவர் முதுநிலை நிரலாளர் கோமதிநாதன். முந்தின நாள்வரை அந்த வரிகளில் பாதிக்கு மேல் அவர் பெயரில் இருந்தன. அவர் அவ்வளவு மனதாரக் கை தட்டி யாரும் பார்த்ததில்லை.

விழா முடிந்ததும் மாரிசெல்வி இயக்குநரின் அறைக்கு ஓடினாள். வெறும் இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று சொல்ல எடிட்டரிலேயே வசதி இருப்பதையும், அதைப் போட்டால் பழையபடி உண்மையான பெயர்கள் வந்துவிடும் என்பதையும் சொன்னாள். இயக்குநர் கோமதிநாதனைப் பார்த்தார். கோமதிநாதன் தொண்டையைச் செருமினார்.

“வரலாற்றைப் பாக்காம இருக்கதுக்கு ஒரு வசதியா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா என்ன பதில் சொல்ல? இங்க பாரும்மா. ஆபீஸ்ல ஒரு பீரோ இருக்கு. பத்து வருஷம் எங்கிட்ட இருந்துச்சி. நேத்து நீ சாவியை வாங்கிக் கையெழுத்துப் போட்ட. இன்னைக்கு உள்ள எலி செத்துக் கெடந்தா யாரைக் கேப்பாக?”

“நான் பீரோவைத் தொடைக்கத்தான் சார் செஞ்சேன்.”

“தொடைக்கும்போது தொட்டியா, இல்லையா?”

தொட்டதாக ஒப்புக்கொண்டாள். அதைக் குறிப்பேட்டில் எழுதி அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். எந்த அலுவலகத்திலும் பொறுப்பு என்பது கடைசியாக வாங்கிக்கொண்டவர் தலையில் நிற்பது. வாரியம் அந்தப் பழைய நியாயத்தைக் கணினிக்கும் கொண்டுவந்துவிட்டது என்று அந்த வார அறிக்கையில் பெருமையாகக் குறித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வாரியத்தில் யாரும் நிரல் அடிக்கவில்லை.

ஒரு வரியைத் தொட்டால் பெயர் வந்துவிடும் என்று ஆனபின் யாருக்குத்தான் கை வரும்? அவசரமாக ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், டீ குடிக்கப் போனவரின் கணினியில் உட்கார்ந்து மாற்றிவிட்டு வந்தார்கள். பெயர் அவருடையதாக விழும். இது தெரிந்ததும் டீக்குப் போகிறவர்கள் விசைப்பலகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். மண்டபத்து வாசலிலிருக்கும் டீக்கடையில் காலை பதினொரு மணிக்கு பெஞ்சு முழுக்க விசைப்பலகைகள் கிடக்கும். டீக்கடைக்காரர், அது ஏதோ புது வகை ஆர்மோனியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சுற்றறிக்கைகள் வந்தன. ஒரு வரியைத் தொட விரும்புகிறவர் ‘வரி தொடுகை அனுமதிப் படிவம்’ மூன்று நகல் கொடுக்க வேண்டும். தொட விரும்பும் காரணம் என்ன, தொடாவிட்டால் என்ன ஆகும், தொடாமலே சரிசெய்ய முயன்றீர்களா என்று அதில் மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதாத படிவங்கள் திரும்பி வந்தன.

அந்த மாதமே ‘மாசற்ற நிரலாளர்’ என்று ஒரு விருதும் வந்தது. அதைப் பெற்றவர் கருத்தப்பாண்டி. ஆறு வருஷமாக வாரியத்தில் இருக்கிறார். விருது வாங்கிக்கொண்டு அவர் பேசினார்.

“ஆறு வருஷத்துல என் பேர்ல ஒரு வரிகூட கெடையாது. ஒரு எழுத்து கெடையாது. ஒரு கமா கெடையாது. இதெல்லாம் ஒரு நாள்ல வந்ததுன்னு நினைச்சிராதிய. தெனம் காலைல வந்து உக்காரும்போது கை துடிக்கும். அடக்கிக்கிடுவேன். இந்த நிரல்ல எத்தனையோ தப்பு இருக்கு, எனக்குத் தெரியும். ஒண்ணையாவது சரி பண்ணிருப்பனா? அந்தக் கட்டுப்பாடு வேணும்.”

பலத்த கைதட்டல். இயக்குநர் கண் கலங்கினார்.

மாரிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நாளும் மேஜையில் உட்கார்ந்ததும் திரை ஓரத்தில் தன் பெயர் மேலிருந்து கீழாக நிற்பதைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியது போல இருந்தது. மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள்.

அன்றுதான் நொச்சிப்பட்டியிலிருந்து முதல் அழைப்பு வந்தது.

நொச்சிப்பட்டி குருவிகுளம் பக்கத்தில் எழுபது வீடுகள் உள்ள ஊர். அங்கே தொட்டி திறந்துவிடுகிறவள் பேச்சித்தாய். வாரியத்தில் எல்லா வரிகளுக்கும் பொறுப்பு ஒருத்திதான் என்பதால், புகார் எண்ணையும் மாரிசெல்வியின் கைப்பேசிக்கே திருப்பிவிட்டிருந்தார்கள்.

“ஏம்மா, எங்க ஊருக்கு லாரி வந்து நாலு நாளாச்சி. டிரைவரைக் கேட்டா, பட்டியல்ல உங்க ஊரே இல்லைங்கான். ஊரு இங்கனதான் இருக்கு. நான் ஊருக்குள்ள நின்னுதான் பேசுதேன்.”

மாரிசெல்வி தேடினாள். அரைமணி நேரத்தில் அகப்பட்டது. நொச்சிப்பட்டியில் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்று விரிசல் விட்டதால் போன வாரம் இடித்துவிட்டார்கள். இப்போது ஒன்றுதான். பதினேழாயிரத்து இருநூற்று ஆறாவது வரி, ஓர் ஊரில் ஒன்றுக்கு அதிகமான தொட்டிகள் இருந்தால் லாரி அனுப்பு என்றது. ஒன்றோ, அதற்கு அதிகமோ என்று இருக்க வேண்டும். ‘அதிகம்’ என்கிற குறிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சமக்குறி போட்டால் போதும். விசைப்பலகையில் ஒரு தட்டு.

வரியின் பழைய வரலாற்றையும் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை அப்படி எழுதியவர் கோமதிநாதன். அப்போது எல்லா ஊரிலும் இரண்டு தொட்டி இருந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை.

தானே போட்டுவிடலாம் என்று கை போனது. பக்கத்து மேஜையில் இருந்த ரூபியா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, கிறுக்கா உனக்கு? இப்ப அதுல உன் பேரு இருந்தாலும், இடைவெளிதான் மாத்துனேன்னு சொல்லிக்கிடலாம். இன்னொரு தடவ தொட்டன்னா, அது நெசமாவே உன்னோடதாயிரும். பேசாம படிவம் குடு.”

படிவம் கொடுத்தாள். தொடாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, ‘நொச்சிப்பட்டிக்குத் தண்ணீர் போகாது’ என்று எழுதினாள். தொடாமலே சரிசெய்ய முயன்றேன் என்றும் பொய் எழுதினாள்.

படிவத்தைப் படித்த இயக்குநர், பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால் முதலில் விசாரணை வேண்டும் என்றார். பதினேழாயிரத்து இருநூற்று ஆறாம் வரி விசாரணைக் குழு அமைந்தது. அந்த வரியை நன்றாக அறிந்தவர் என்ற முறையில் கோமதிநாதன் தலைவர். மாசற்றவர் என்ற முறையில் கருத்தப்பாண்டி உறுப்பினர்.

விசாரணை முடியும்வரை வரியை யாரும் தொடக் கூடாது என்று அதற்கு முத்திரை வைக்க முடிவானது. கணினிக்குள் இருப்பதற்கு எப்படி முத்திரை வைப்பது? கருத்தப்பாண்டி பசைத் தாளில் வாரிய முத்திரையைக் குத்தி, மாரிசெல்வியின் திரையில் அந்த வரி தெரிந்த இடத்தில் குறுக்கே ஒட்டினார். அவள் திரையைக் கொஞ்சம் தள்ளியதும் தாளுக்கு அடியில் வேறு வரி வந்தது. கருத்தப்பாண்டி பதறிப்போனார். அன்று மாலை, விசாரணை முடியும்வரை மாரிசெல்வி திரையைத் தள்ளக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவு வந்தது. அவள் பத்து நாள் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குழு தினமும் கூடியது. ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பழைய வரலாற்றை அச்செடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

“சார், இதுல உங்க பேருதான் இருக்கு.”

கோமதிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“ஆமா, நான்தான் எழுதுனேன். அதை நான் மறைக்கலையே. நான் எழுதும்போது அது தப்பாவா இருந்துச்சி? ஆறு வருஷம் ஒழுங்கா ஓடிச்சி. உங்கிட்ட வந்து பத்து நாள்ல தப்பாயிட்டு. குழு இதைத்தான் யோசிக்கி.”

கருத்தப்பாண்டி தலையை ஆட்டினார். அவர் எந்தக் கருத்தும் சொல்லவில்லை என்று குறிப்பேட்டில் பதிவானது.

பேச்சித்தாயின் அழைப்புகள் நிற்கவில்லை. முதலில் கோபமாகப் பேசினாள். பிறகு கெஞ்சினாள். பதினோராம் நாள் அவள் குரலில் இரண்டும் இல்லை.

“தாயி, பள்ளிக்கூடத்துல சோறு பொங்கத் தண்ணி இல்லைன்னு மத்தியானத்தோட பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிட்டாக. மூணு மைல் தள்ளி ஒரு கிணறு இருக்கு, அங்கன போய் எடுக்கோம். நேத்து மாசமா இருக்க பிள்ளை ஒண்ணு குடத்தோட விழுந்துட்டு. ஒண்ணும் ஆகலை, சாமி காப்பாத்திட்டு. நான் உன்னை வையல. உனக்கு மேல உள்ளவுக நம்பர் இருந்தா குடேன்.”

எல்லா எண்ணுக்கும் மேலே தன் எண்தான் இருக்கிறது என்பதை மாரிசெல்வி சொல்லவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு தட்டு தட்ட வேண்டிய கை, பதினோரு நாள் படிவம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று முகூர்த்த நாள். ஒரு மணிக்கு எல்லாரும் பந்திக்குக் கீழே இறங்கினார்கள். விசைப்பலகைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். குழுவும் அன்றைய அமர்வை ஒத்திவைத்துவிட்டுப் போயிற்று. ரூபியா வாசலில் நின்று, “வாட்டி, பாயாசம் தீர்ந்துரும்,” என்றாள். மாரிசெல்வி பின்னால் வருவதாகச் சொன்னாள்.

திரையில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் கிழித்தாள். சமக்குறியைத் தட்டினாள். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கணினி கேட்டது. அதற்கு மூன்று நகல் வேண்டியிருக்கவில்லை. ‘நொச்சிப்பட்டியில் ஒரு தொட்டிதான் இருக்கிறது’ என்று எழுதினாள். வரியின் ஓரத்தில் பழையபடியே மாரிசெல்வி என்று நின்றது. தேதி மட்டும் மாறி, ‘சற்று முன்’ என்று வந்தது. கீழே போனாள். பாயாசம் தீர்ந்திருந்தது.

மறுநாள் காலை லாரி போயிற்று. அதற்கு மறுநாள் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அதை இயக்குநர் எல்லாரையும் நிற்க வைத்துப் படித்தார்.

“பிழையை இவரே திருத்தியிருக்கிறார். எனவே பிழை எது என்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவரிடம்தான் பிழை இருந்திருக்க முடியும். முத்திரையைக் கிழித்தது தனிக் குற்றம். பதினோரு நாள் வாரியம் பொறுமையாக விசாரித்துக்கொண்டிருந்ததை இவர் ஒரு நொடியில் பயனற்றதாக்கிவிட்டார். அதைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை.”

படித்து முடித்ததும் அவர் இடது பக்க இழுப்பறையைத் திறந்தார். நிரந்தர ஆணையை எடுத்து, பின்பக்கம் வெற்றாக இருந்ததால் அதிலேயே அவளை விடுவிக்கும் ஆணையை எழுதினார். கையெழுத்தும் போட்டார். அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்த கையெழுத்து, பச்சை மையில், மிக அழகாக இருந்தது.

இன்னொரு விஷயம் மிச்சமிருந்தது. அனுமதியில்லாமல் செய்த மாற்றம் செல்லாது, வரியைப் பழையபடி மாற்ற வேண்டும் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

“யாரு மாத்துதிய?” என்று கேட்டார் இயக்குநர்.

மாற்றுகிறவர் பெயர் அந்த வரியில் வந்து நிற்கும். கோமதிநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்தே சரியில்லை என்றார். கருத்தப்பாண்டி விருதை நினைவூட்டினார். ரூபியா தன் விசைப்பலகை டீக்கடையில் இருப்பதாகச் சொன்னாள். இயக்குநர் தானே செய்வதாக எழுந்தார். திரைக்கு முன்னால் போய் நின்றார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இதற்கு ஒரு குழு அமைக்கலாம் என்று திரும்பி வந்தார். அந்தக் குழு இன்றுவரை அமையவில்லை. அதில் சேர்ந்தால் பெயர் வருமே.

மாரிசெல்வி நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள். பேருந்து நிலையத்தில் சிவகிரி பஸ் வர நேரமாகும் என்றார்கள். சாப்பாட்டு டப்பாவும் விடுவிப்பு ஆணையும் மடியில் இருந்தன. மகளிடம் சென்னை என்றால் எவ்வளவு தூரம் என்று எப்படிச் சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

“தாயி, பேச்சித்தாய் பேசுதேன். நேத்துல இருந்து தண்ணி வந்துட்டு, கேட்டியா. ஊரே வந்து நின்னு பிடிக்கி. நான் இப்ப உங்க ஊருலதான் இருக்கேன், சங்கரநாராயணர் சன்னதில. சரி பண்ணுனவுக பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணலாம்னு வந்தேன். ஆரு தாயி சரி பண்ணுனா? பேரும் நச்சத்திரமும் சொல்லு.”

ஒரு மாதமாக மாரிசெல்வியின் பெயரை எங்கே எழுதினாலும் அதற்குக் கீழே ஒரு குற்றம் இருந்தது. இப்போதும் முதலில் வந்தது பயம்தான்.

“சாமி பேருக்கே பண்ணிருங்கம்மா,” என்றாள்.

“சாமியா வந்து கம்ப்யூட்டரைத் தட்டுனாரு? ஏட்டி, நீதான, எனக்குத் தெரியாதா? பட்டர் தட்டை வச்சிக்கிட்டு நிக்காக. சீக்கிரம் சொல்லு.”

மாரிசெல்வி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

“என்னது? இங்கன மணி அடிக்காக, ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுட்டி.”

அவள் எழுந்து நின்று, பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத் தன் பெயரைச் சொன்னாள்.